“வாயைத் திறந்து சொன்னால்தான் தருவேன்” என்று ஆட்டிசம் உள்ள குழந்தையைக் காக்க வைப்பது சரியா?

கேள்வி
பதிவிட்டவர்: மாலைவெயில்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு ஆறு வயது நடக்கிறது. நான்கு வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். செவித்திறன் சோதனையில் குறை எதுவும் இல்லை. அவனாகச் சொல்லும் தனிச்சொற்கள் மிகக் குறைவு. ஆனால் விரும்பிப் பார்க்கும் கார்ட்டூன்களில் வரும் முழு வாக்கியங்களை அதே ராகத்தோடு, அதே ஏற்ற இறக்கத்தோடு நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறான். தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப்போய்ப் பாட்டிலின் மேல் என் கையை வைக்கிறான்.

இந்தக் கையைப் பிடித்து இழுப்பது பற்றித்தான் வீட்டில் கருத்து வேறுபாடு. இழுத்தவுடன் எடுத்துக் கொடுத்துவிட்டால் அவனுக்குப் பேச வேண்டிய தேவையே வராது என்றும், “தண்ணி” என்று வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும் என்றும் என் மாமியார் சொல்கிறார். முன்பு நாங்கள் பார்த்த ஒரு பயிற்சியாளரும் அதையே சொன்னார். என் கணவரும் பாதி மனத்தோடு அதை ஒப்புக்கொள்கிறார். அப்படிக் காக்க வைக்கும்போது சில வேளைகளில் சொல்லிவிடுகிறான், பல வேளைகளில் அது அழுகையிலும் சுவரில் தலையை இடித்துக்கொள்வதிலும் போய் முடிகிறது. இப்போது என் அருகில் வருவதையே குறைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தானே எடுக்கப் பார்க்கிறான். இதுதான் எனக்குப் பெரிய உறுத்தலாக இருக்கிறது.

படங்களைத் தொட்டால் குரல் வரும் டேப்லெட் செயலி ஒன்றைத் தோழி ஒருவர் பரிந்துரைத்தார். அதைக் கொடுத்துவிட்டால் எஞ்சியிருக்கும் பேச்சும் நின்றுபோய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பள்ளியில் அமைதியாக இருக்கிறான் என்று ஆசிரியர் பாராட்டுகிறார். வீட்டு வாசலைத் தாண்டியதும் கதறத் தொடங்கி, காலணியைக் கழற்றுவதற்குள் தரையில் விழுந்து புரள்கிறான். நாங்கள் கொடுக்கும் செல்லம்தான் காரணம் என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1
பதிவிட்டவர்: சொல்தோழி (பேச்சு மற்றும் மொழிப் பயிற்சியாளர்)

சகோதரி, உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்த நாற்காலியிலேயே இருக்கிறது. மணிக்கட்டைப் பிடித்து அழைத்துச் செல்வது பேச்சுக்கு முந்திய, ஆனால் முழுமையான ஒரு தகவல் தொடர்பு. எனக்கு ஒன்று தேவை, அதைப் பெற நீங்கள் உதவ முடியும், ஆகவே உங்களிடம் வந்தேன் என்ற மூன்று செய்திகளும் அதில் அடங்கியிருக்கின்றன. இவற்றுள் கடைசியானதுதான் மொழிக்கு அடித்தளம். வந்து கேட்டால் அழ நேரிடும் என்று பழகிவிட்ட குழந்தை கேட்பதை விட்டுவிட்டுத் தானே எடுக்கப் பார்ப்பது இயல்பு. அவன் பிடிவாதம் பிடிப்பதாக இதை எண்ண வேண்டாம். அம்மாவிடம் கேட்பது கடினமான வழி என்று புரிந்துகொண்டு எளிய வழியைத் தேர்ந்திருக்கிறான்.

காக்க வைத்தால் சொல் வரும் என்ற கருத்துக்குப் பின்னால், சொல்ல முடிந்தும் சொல்லாமல் இருக்கிறான் என்ற ஊகம் இருக்கிறது. பல குழந்தைகளுக்கு அது பொருந்தாது. உதடு, நாக்கு, மூச்சு ஆகியவற்றை ஒருங்கிணைத்து ஒரு சொல்லை வேண்டிய கணத்தில் உருவாக்குவதே அவர்களுக்குச் சிரமமாக இருக்கலாம். நேற்று வந்த சொல் இன்று வராமலும் போகும். தாகமும் பதற்றமும் கூடும்போது அந்தத் திறன் மேலும் குறையும். ஆக, பேச்சு மிகவும் கடினமாக இருக்கும் நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து நாம் பேச்சைக் கேட்கிறோம்.

அதற்குப் பதிலாக, கையைப் பிடித்ததும் அவனோடு போங்கள். பாட்டிலை எடுத்துக் கொடுக்கும்போதே, அவன் சொல்ல நினைத்திருப்பதை அவன் பக்கத்திலிருந்து நீங்கள் சொல்லுங்கள்: “தண்ணி வேணும்”, “தண்ணி குடிக்கலாம்”. “தண்ணி வேணுமா? சொல்லு, தண்ணி வேணுமா?” என்று கேள்வியாக அடுக்காதீர்கள். கேட்டதை அப்படியே பதிய வைத்துக்கொள்ளும் குழந்தைகள் பின்னர் தாகம் எடுக்கும்போது “தண்ணி வேணுமா?” என்றே சொல்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். தண்ணீர் வரும்போதெல்லாம் காதில் விழுந்த வாக்கியம் அது என்பதால், அவர்கள் கணக்கில் அதுதான் சரி. கொடுப்பதற்கு முன் ஒரு பத்து விநாடி பேசாமல் நின்று அவனுக்கு இடம் விடலாம். சொல் வந்தால் மகிழ்ச்சி, வராவிட்டாலும் பாட்டில் அவன் கைக்குப் போக வேண்டும்.

கார்ட்டூன் வாக்கியங்களை எக்கோலேலியா என்பார்கள். ஆட்டிசத்தை விவரித்து மனநல மருத்துவர் லியோ கேனர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே இந்தத் திரும்பச் சொல்லும் பழக்கம் இடம்பெற்றது. நெடுங்காலம் அதைப் பொருளற்ற ஒலிப்பாகவே கருதி, நிறுத்துவதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். பேரி பிரிசாண்ட், ஜூடித் டூகன் ஆகிய இருவரும் 1981இல் நான்கு குழந்தைகளின் உடனடி எதிரொலிப்புகளைச் சூழலோடு சேர்த்து ஆராய்ந்து, அவை ஏழு வெவ்வேறு நோக்கங்களுக்குப் பயன்படுவதைக் காட்டினார்கள். உரையாடலில் தன் முறை வந்ததும் ஏதாவது சொல்வது, ஆம் என்பது, ஒன்றைக் கேட்பது, தன்னைத் தானே நெறிப்படுத்திக்கொள்வது போன்றவை அவற்றுள் சில. நாள் கடந்து சொல்லப்படும் வாக்கியங்களுக்கு 14 நோக்கங்களை 1984இல் பிரிசாண்ட்டும் பாட்ரிக் ரைடெல்லும் பட்டியலிட்டார்கள். எனவே உங்கள் மகன் ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போது, கார்ட்டூனில் அது எந்தக் காட்சியில் வருகிறது, அந்தப் பாத்திரம் அப்போது அஞ்சுகிறதா, மகிழ்கிறதா, தப்பி ஓடுகிறதா என்று பாருங்கள். “சீக்கிரம், கதவு மூடப்போகுது!” என்று ஒரு குழந்தை கூட்டமான இடங்களில் மட்டும் சொல்லுமானால், அதன் பொருள் பெரும்பாலும் “என்னை இங்கிருந்து வெளியே கொண்டுபோ” என்பதுதான். சொற்களை விட்டுவிட்டு அந்தப் பொருளுக்குப் பதில் சொல்லுங்கள்: “சத்தமா இருக்கு, வெளிய போகலாம்.” இந்த அடிப்படையில் விற்கப்படும் சிறப்புப் பயிற்சித் திட்டங்களின் பயனுக்கு ஆய்வுச் சான்று இன்னும் மெலிதாகவே இருக்கிறது, அவற்றுக்குப் பணம் கட்டுவதற்கு முன் யோசிக்கச் சொல்வேன். ஆனால் குழந்தையின் எதிரொலிப்பைப் பேச்சாக மதித்துப் பதில் சொல்வதற்கு எந்தத் திட்டமும் தேவையில்லை.

டேப்லெட் பற்றிய அச்சத்தை ஏறக்குறைய எல்லாப் பெற்றோரிடமும் காண்கிறேன். 2006இல் மில்லர், லைட், ஷ்லோசர் ஆகியோர் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சைகை, படம், கருவி போன்ற மாற்றுத் தொடர்பு வழிகளைக் கொடுத்துப் பார்த்த பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நம்பகமான முறையில் நடத்தப்பட்ட ஆய்வுகளில் இடம்பெற்ற 27 பேரில் 89 சதவீதத்தினருக்குப் பேச்சு கூடியிருந்தது, ஒருவருக்குக்கூடக் குறையவில்லை. கூடிய அளவு பலருக்குச் சிறிதாகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேச்சைக் கொண்டுவரும் கருவி என்று வாக்களிக்க மாட்டேன். இன்றே அவன் தன் மனத்தைச் சொல்வதற்கு ஒரு வழி என்ற அளவிலேயே அது கொடுக்கத் தகுந்தது.

ஆனால் கொடுக்கும் முறை மிகவும் முக்கியம். முதல் சில மாதங்கள் அதைத் தொட வேண்டியவர்கள் நீங்கள்தான். நீங்கள் பேசும்போதே பேச்சில் வரும் ஓரிரு சொற்களை அதில் தொட்டுக் காட்டுங்கள், அவனைத் தொடச் சொல்லிச் சோதிக்காதீர்கள். பொருள்களின் பெயர்களால் மட்டும் செயலியின் படப் பலகையை நிரப்பிவிடாமல் “வேண்டாம்”, “போதும்”, “நிறுத்து”, “இன்னும்”, “வேற”, “உதவி”, “வலிக்குது” என்ற சொற்கள் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆன்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகியோர் 1985இல் உருவாக்கிய, படஅட்டையைக் கையில் கொடுத்துப் பொருளைப் பெறும் பெக்ஸ் முறை கேட்பதைத் தொடங்கி வைக்க நல்லது. ஆனால் மறுப்பதற்கும் குறை சொல்வதற்கும் வியப்பதற்கும் அதைவிட விரிவான பலகை வேண்டும். பேசுவதற்கான டேப்லெட்டில் கார்ட்டூன் வேண்டாம், தண்டனையாக அதை ஒருபோதும் பிடுங்கி வைக்கவும் வேண்டாம். குளியலறைக்கும் சார்ஜ் தீர்ந்த வேளைக்கும் அதே பக்கத்தைத் தாளில் அச்சிட்டு லேமினேட் செய்துகொள்ளுங்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொன்று. செயலிகளின் இயந்திரக் குரல் பெரும்பாலும் எழுத்துத் தமிழில் பேசும். “எனக்கு நீர் வேண்டும்” என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. உங்கள் வீட்டுப் பேச்சுத் தமிழிலேயே குரலைப் பதிவு செய்து வையுங்கள். வேற்றுமை உருபும் வினைமுற்று விகுதியும் இல்லாமல் “அம்மா தண்ணி” என்று இரண்டு படங்களைத் தொட்டாலே அது முழு வாக்கியம்தான், திருத்த வேண்டாம். குழம்பிவிடுவான் என்று சொல்லி வீட்டு மொழியைக் கைவிடச் சொல்பவர்களும் உண்டு. இரு மொழிகளில் வளரும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அதனால் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தாத்தா பாட்டியோடு பேசும் மொழியை இழந்த குழந்தைக்கு வீட்டிலேயே பேச ஆள் குறைந்துபோகும்.

பதில் 2
பதிவிட்டவர்: இருமகளின்தந்தை

மாலை நேரத்துக் கதறலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். என் மூத்த மகளுக்கு ஆட்டிசமும், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைத்துடிப்பு நிலையும் உண்டு. செல்லம்தான் காரணம் என்ற பேச்சை நீங்கள் முற்றிலும் ஒதுக்கிவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. பள்ளியில் மின்விசிறி ஓசை, நாற்காலி இழுபடும் ஓசை, சீருடையின் உறுத்தல், வரிசையில் பிறர் மேல் இடிபடுவது, புரியாத கட்டளைகள் என்று எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் குழந்தை, தன்னை யாரும் ஒதுக்கிவிட மாட்டார்கள் என்று நம்பும் இடத்துக்கு வந்ததும் உடைகிறது. ஆசிரியர் பாராட்டும் அந்த அமைதிக்கு அவன் கொடுக்கும் விலையை நீங்கள் மாலையில் பார்க்கிறீர்கள். அதனால் ஆசிரியரிடமும் இதைச் சொல்லுங்கள். நடுப்பகலில் கொஞ்ச நேரம் சத்தமில்லாத மூலையில் இருக்க அனுமதித்தாலே மாலை மாறக்கூடும்.

வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு எங்கள் வீட்டில் கேள்விகள் இல்லை. “இன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்கவே மாட்டோம். விளக்கைக் குறைத்து, சீருடையை மாற்றி, கழுத்தில் உறுத்தும் லேபிள் வெட்டப்பட்ட பழைய மெல்லிய சட்டையைக் கொடுத்து, குடிக்கவும் மெல்லவும் ஏதாவது வைத்துவிட்டு விலகி இருப்போம். என் மகளுக்கு ஊஞ்சலும், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கும் பிடிக்கும். உங்கள் மகனுக்கு எது பிடிக்கும் என்பதை அவனைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒலிக்குக் காதைப் பொத்தும் அதே குழந்தை அழுத்தமான அணைப்பையும் குதிப்பதையும் தேடித் தேடிப் போகலாம், ஏனெனில் ஒரு புலனில் கூடுதலாகவும் இன்னொன்றில் குறைவாகவும் உணர்வது ஒரே உடலில் நடக்கிறது. டி.எஸ்.எம். 5 என்ற நோயறிதல் கையேடு 2013இல்தான் இந்தப் புலன் வேறுபாடுகளை ஆட்டிசத்தின் அளவுகோல்களில் சேர்த்தது. அதற்கு முன் நோயறிதல் பெற்ற பல குழந்தைகளின் பெற்றோருக்கு இதை யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

கதறலுக்கு முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதிவாருங்கள். பசி, தாமதமான வண்டி, எதிர்பாராத விருந்தினர், மிக்ஸி ஓசை என்று ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வருவது அதில்தான் தெரியவரும். மிக்ஸி போன்றவற்றை ஓட்டுவதற்கு முன் சொல்லிவிட்டு ஓட்டுவது சிறிய செயல்தான், ஆனால் குழந்தைக்குத் தன் வீட்டின் மேல் நம்பிக்கை வருவது அப்படிப்பட்ட செயல்களால்தான். அன்றைய நிகழ்வுகளை வரிசையாகப் படங்களாக ஒட்டி வைப்பதும் உதவுகிறது. ஆனால் திட்டம் மாறினால் படத்தையும் அவன் கண்முன்னே மாற்ற வேண்டும். ஒட்டியபடி ஒன்றும் நடந்தபடி ஒன்றும் இருந்தால் அந்த வரிசை விரைவில் மதிப்பிழந்துவிடும்.

புரளும் நேரத்தில் அறிவுரை எதுவும் உள்ளே போகாது. பொம்மை வேண்டும் என்று அழும் குழந்தை பொம்மை கிடைத்ததும் நிறுத்தும், யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். மெல்ட்டவுனில் இருக்கும் குழந்தைக்கு எதைக் கொடுத்தாலும் நிற்காது, அது கட்டுப்பாட்டை இழந்த நிலை. தலைக்கும் சுவருக்கும் நடுவில் தலையணை வைத்து, தங்கையை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, குறைந்த சொற்களோடு அருகில் உட்காருவதே நாங்கள் செய்வது. தொடலாமா என்பதை அவளது உடல் சொல்லும்: விலகினால் விலகிவிடுவேன்.

இரண்டு எச்சரிக்கைகள். தலையை இடித்துக்கொள்வது திடீரென்று தொடங்கினாலோ கூடினாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சொல்ல முடியாத குழந்தைகள் இப்படித்தான் காட்டுவார்கள். ஆட்டிசம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டால் வலி உள்ளேயே இருந்துவிடும். அடுத்து, எடை கூட்டிய போர்வையை எல்லாருக்கும் பரிந்துரைக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள 67 குழந்தைகளை வைத்து நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், சாதாரணப் போர்வையோடு ஒப்பிட்டபோது தூக்கத்தில் முன்னேற்றம் இல்லை, ஆனால் குழந்தைகளும் பெற்றோரும் அதை விரும்பினார்கள். பிடித்தால் பயன்படுத்தலாம். அவனால் தானே தள்ளிவிட முடியாத எடையில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பதில் 3
பதிவிட்டவர்: தாமதச்சொல்

நான் ஆட்டிசம் உள்ள, இப்போது வயது வந்த ஒருவன். எனக்குப் பேச்சு மிகத் தாமதமாக வந்தது. ஒருவனின் அனுபவம் எல்லாருக்கும் பொருந்தாது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

முதல் பதிலில் வந்த பத்து விநாடியைப் பற்றி ஒரு வேறுபாடு உண்டு. முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, இதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்போடு ஒருவர் நிற்பதும் ஒரு கட்டளையாகவே என் மேல் விழும். சொல் தொண்டை வரை வந்திருந்தாலும் அந்தப் பார்வையில் திரும்பிப் போய்விடும். காத்திருக்க வேண்டுமானால் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, வேறு எதையும் எதிர்பார்க்காதவர் போல் காத்திருங்கள். கண்ணைப் பார்த்துப் பேச வற்புறுத்துவதும் இப்படியே. கண்ணைப் பார்க்கும் வேலையில் முழுக் கவனமும் போனபின் கேட்பதற்கு எனக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

கையை உதறுவது, உடலை ஆட்டுவது, ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பது ஆகியவற்றை நிறுத்தச் சொல்லாதீர்கள். பிறருக்கும் தனக்கும் காயம் வராதவரை அவை என்னை நிலையாக வைத்திருக்கும் அசைவுகள். காயம் வருமானால் அதே உணர்வைத் தரும் வேறொன்றைக் கொடுக்க வேண்டும். கையைப் பிடித்து அடக்குவதால் தேவை மறைந்துவிடுவதில்லை.

உங்கள் மகன் அறையில் இருக்கும்போது அவனைப் பற்றிப் பிறரிடம் பேசுவதைத் தவிருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பேசாத குழந்தைக்குப் புரியாது என்று எண்ணிப் பெரியவர்கள் பேசும் பேச்சு எல்லாம் காதில் விழும். “வேண்டாம்” என்ற பொத்தானை அவன் தொட்டால், முடிந்த இடங்களிலெல்லாம் அது உடனே பலிக்க வேண்டும். மருந்து, சாலையைக் கடப்பது போன்று முடியாத இடங்களில் “வேண்டாம்னு சொல்றே, கேட்டேன். இருந்தாலும் இதைச் செய்யணும்” என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மறுப்பு கேட்கப்படுகிறது என்று தெரிந்த குழந்தை, நாளை யாராவது தகாத முறையில் தொட்டாலும் மறுக்கும்.

டேமியன் மில்டன் என்ற, தாமும் ஆட்டிசம் உள்ளவரான ஆய்வாளர் 2012இல் எழுதிய ஒரு கருத்து எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. புரிதல் முறிவது ஆட்டிசம் உள்ளவரின் குறையால் மட்டும் நிகழ்வதில்லை, வெவ்வேறு விதமாக உலகை உணரும் இருவருக்கும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வது சமமாகவே கடினம் என்றார் அவர். அப்படியானால் கற்றுக்கொள்ளும் பொறுப்பின் பாதி பெரியவர்களுடையது. ஆறு வயதுக் குழந்தையை விட அவர்களுக்கு அது எளிதாகவும் இருக்க வேண்டும்.

பதில் 4
பதிவிட்டவர்: மாலைவெயில் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. என் கணவரும் நானும் சேர்ந்து எல்லாவற்றையும் படித்தோம். இன்னும் சில ஐயங்கள் உள்ளன. என் மாமியாருக்கு இதை எப்படிச் சொல்வது? பேரன் மேல் உயிரையே வைத்திருக்கிறார், அவன் பேச வேண்டும் என்ற தவிப்பில்தான் அத்தனையும் சொல்கிறார். அடுத்து, குழந்தையின் கையை அல்லது முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகையில் சுட்ட வைத்தால் முழு வாக்கியங்கள் வரும் என்று ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அதை முயலலாமா? கடைசியாக, அவன் நாற்காலியில் ஏறி விழுந்துவிடாமல் இருக்கத் தண்ணீரைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்துவிட்டால், என்னிடம் வருவதற்கு இருந்த காரணமும் போய்விடாதா?

பதில் 5
பதிவிட்டவர்: வேம்பின்நிழல்

தங்கச்சி, நானும் ஒரு பாட்டி. என் பேத்திக்கும் இதே நிலைதான். மாமியாரிடம் “நீங்கள் செய்வது தவறு என்று பயிற்சியாளர் சொன்னார்” என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளைகளை வளர்த்துக் கரையேற்றியவர்களுக்கு அது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். அவருக்கென்று ஒரு வேலையைக் கொடுங்கள். எங்கள் வீட்டுப் பேசும் பலகையில் பாதிச் சொற்கள் என் குரலில் இருக்கின்றன. “பாட்டி”, “தூக்கு”, “கதை சொல்லு”, “போதும்” என்று நான் பதிந்து கொடுத்தேன். அந்தக் குழந்தை என் குரலைத் தொட்டு என்னையே கூப்பிட்டபோது, வாயால் சொல்ல வேண்டும் என்ற வற்புறுத்தல் என்னை விட்டுத் தானாகவே அகன்றது. உங்கள் மாமியாரைப் பயிற்சி நேரத்துக்கும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பிறர் வாய்வழியாகக் கேட்பதை விட நேரில் பார்ப்பது வயதானவர்களுக்கு எளிதில் மனத்தில் தங்கும்.

பதில் 6
பதிவிட்டவர்: சொல்தோழி

பாட்டி அம்மா சொன்னதற்கு மேல் மாமியாரைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பார்வையைப் பற்றித் தாமதச்சொல் அவர்கள் எழுதியதையும் முழுமையாக ஏற்கிறேன். பக்கவாட்டில் நின்று காத்திருப்பதே நல்லது.

கையைப் பிடித்துச் சுட்ட வைக்கும் முறையைத் தயவுசெய்து முயல வேண்டாம். குழந்தைக்கு ஒரு படத்தையும் கையைப் பிடித்திருப்பவருக்கு வேறொரு படத்தையும் காட்டி 1990களில் பலமுறை சோதித்தார்கள். எழுத்தில் வந்தது கையைப் பிடித்திருப்பவர் பார்த்த படத்தின் பெயராகவே இருந்தது. பிடித்திருப்பவர்கள் ஏமாற்ற நினைக்கவில்லை, தம் கை வழிநடத்துவதை அவர்களே அறியவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 1994இல் இதற்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018இல் இந்த முறையையும், உதவியாளர் எழுத்துப் பலகையைக் கையில் ஏந்திப் பிடித்து, உடனுக்குடன் தூண்டிச் சுட்ட வைக்கும் ரேபிட் பிராம்ப்டிங் முறையையும் பரிந்துரைக்க மறுத்தது. ஒரு முறையை நம்பலாமா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யாரும் தொடாமல், பலகை மேசையில் அசையாமல் இருக்கும்போது, அருகிலிருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றை இந்தக் குழந்தை சொல்ல முடிகிறதா? படப் பலகையில் ஒற்றை விரலால் அவனே தொடும் “வேண்டாம்” என்ற சொல், பிறர் கை எழுதிய ஒரு பக்கத்தை விட உண்மையானது.

தண்ணீரைக் கைக்கெட்டும் உயரத்தில் இன்றே வைத்துவிடுங்கள். தாகத்தைத் தானே தீர்த்துக்கொள்வது அவனுடைய உரிமை. ஆறு வயதில் அது வளர்ச்சியும்கூட. உங்களிடம் வர அவனுக்கு வேறு காரணங்கள் தாராளமாக இருக்கும். சோப்புக் குமிழி ஊதும் குப்பியின் மூடி இறுக்கமாக இருக்கும், ஊஞ்சலை ஆட்ட ஒருவர் வேண்டும், போர்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட ஒருவர் வேண்டும். அந்த விளையாட்டின் நடுவில் ஒரு கணம் நிறுத்தி, பலகையில் “இன்னும்” என்பதை நீங்களே தொட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தொடருங்கள். குறைந்தது இரண்டு மூன்று வாரங்களுக்கு அவனிடமிருந்து எதையும் எதிர்பார்க்காமல் இதைச் செய்யுங்கள். இடையில் அவன் பலகையை வெறுமனே தட்டி, ஒரே பொத்தானை ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தால் தடுக்க வேண்டாம். மழலைகள் வாயால் செய்வதை அவன் விரலால் செய்கிறான் என்று கொள்ளலாம். தற்செயலாக “போதும்” என்பதைத் தொட்டாலும் விளையாட்டை உடனே நிறுத்துங்கள். அந்தப் பொத்தானுக்குப் பொருள் உண்டு என்று அவனுக்குத் தெரியட்டும். அவன் மீண்டும் உங்கள் மணிக்கட்டைப் பிடிக்க வந்தால் உடனே எழுந்து போங்கள், பலகையையும் உடன் எடுத்துக்கொள்ளுங்கள்.